ஃபயர்வாலை அணைத்தால்தான் ஃபோல்டர் திறக்கிறது, அப்படியே விட்டுவிடலாமா?

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வீட்டிலிருந்தபடியே சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். பில்கள், வங்கிப் பாஸ்புக் நகல்கள், பான் கார்டு நகல்கள், ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கான எக்செல் ஷீட்டுகள் எல்லாம் கீழ்த்தளத்து டெஸ்க்டாப்பில் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. அந்த ஃபோல்டரை ஷேர் செய்து, மாடியில் லேப்டாப்பில் வேலை பார்ப்பது வழக்கம். இரண்டு வருடமாக எந்தத் தொந்தரவும் இல்லை. சமீபத்தில் இணைய இணைப்பை ஃபைபருக்கு மாற்றியிருக்கிறார்கள். புது ரூட்டர் கீழே வந்தது. மாடியில் சிக்னல் போதவில்லை என்று பழைய ரூட்டரை மேலே வைத்து, கீழிருந்து கேபிள் இழுத்து இணைத்தார்கள். அன்று முதல் லேப்டாப்பில் ஃபோல்டர் திறக்கவில்லை.

சர்வீஸ் செய்பவர் ஒருவர் வந்து டெஸ்க்டாப்பின் ஃபயர்வாலை, அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல் ஏற்பாட்டை, அணைத்தார். உடனே பாஸ்வேர்டு கேட்டது. வாசகி தினமும் கம்ப்யூட்டரைத் திறக்கப் போடும் பின் நம்பரைப் போட்டார், தவறு என்றது. சரி என்று சர்வீஸ்காரர் பாஸ்வேர்டு கேட்பதையே நிறுத்திவிட்டு, ஃபோல்டருக்கு ‘எவரிஒன், ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்து, கூடவே எஸ்எம்பி 1.0 என்ற ஒன்றையும் (ஃபைல் ஷேரிங்குக்கான பழைய முறை) டிக் செய்துவிட்டுப் போனார். இப்போது டெஸ்க்டாப்பின் முகவரி எண்ணை (ஐபி அட்ரஸ்) அடித்தால் ஃபோல்டர் திறக்கிறது. ஆனால் டெஸ்க்டாப்பில் எப்போதும் சிவப்பு எச்சரிக்கை. பயந்துபோய் ஃபயர்வாலை ஆன் செய்தால் மறுபடி திறப்பதில்லை. டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்பைத் திறக்க முயன்றால் ஃபயர்வால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடியவில்லை. மகளின் ஆபீஸ் லேப்டாப்பிலோ எதுவுமே வேலை செய்யவில்லை. “ரூட்டர் இருக்கும்போது ஃபயர்வால் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்? இப்படியே விட்டுவிடலாமா?” என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், பின் போர்ஷனில் குடியிருக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருப்பதாகப் போகிற போக்கில் ஒரு வரி.

அன்புள்ள சகோதரிக்கு,

இப்படியே விடக் கூடாது. இதைப் படித்து முடிப்பதற்குள் ஃபயர்வாலை ஆன் செய்துவிடுங்கள். ஒரு நாள் வேலை தடைப்பட்டாலும் பரவாயில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன். ஃபயர்வால் ஆனில் இருக்கும்போதே உங்கள் ஃபோல்டர் திறக்கும். இரண்டு வருடம் அப்படித்தானே திறந்துகொண்டிருந்தது? உங்கள் வீட்டில் ஒரே நாளில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஃபயர்வாலை அணைத்ததில் ஒன்று மறைந்துகொண்டது, இன்னொன்று அப்படியே இருக்கிறது. அதனால்தான் பாதி வேலை செய்கிறது, பாதி செய்யவில்லை.

புது ரூட்டர் வந்ததும் என்ன மாறியது

விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. வீட்டு நெட்வொர்க் என்று நீங்கள் சொன்னதை ‘பிரைவேட்’ என்றும், ரயில் நிலையம், ஹோட்டல் போன்ற இடங்களை ‘பப்ளிக்’ என்றும் பிரித்து, இரண்டுக்கும் வேறு வேறு ஃபயர்வால் விதிகளை வைத்திருக்கிறது. பழைய ரூட்டரில் உங்கள் டெஸ்க்டாப் ‘பிரைவேட்’டில் இருந்தது. புது ரூட்டர் வந்தவுடன் விண்டோஸின் கணக்கில் இது முன்பின் தெரியாத நெட்வொர்க். தெரியாததை எல்லாம் அது ‘பப்ளிக்’ என்றே எடுத்துக்கொள்ளும். ‘பப்ளிக்’கில் ஃபைல் ஷேரிங்குக்கான வழி மூடியிருக்கும். உங்கள் ஃபோல்டரும் ஷேரும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்க, வழி மட்டும் அடைபட்டுப் போனது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் டெஸ்க்டாப்பில் நடந்தது பெரும்பாலும் இதுதான். சரிபார்க்க அதிக நேரம் ஆகாது. டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் கேபிள் என்றால் ஈதர்நெட், வைஃபை என்றால் அந்த இணைப்பின் பிராப்பர்ட்டீஸ். ‘நெட்வொர்க் புரொஃபைல் டைப்’ என்று இருக்கும் இடத்தில் பப்ளிக் என்று இருந்தால் அதைப் பிரைவேட் என்று மாற்றுங்கள். வேறெதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

இந்த மாற்றம் டெஸ்க்டாப்புக்கு மட்டும் போதும். நீங்கள் கடைகளுக்குப் போகும்போது லேப்டாப்பை எடுத்துப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே அவர்களுடைய வைஃபையில் சேரும்போது அது ‘பப்ளிக்’காகவே இருக்கட்டும். அந்த இடங்களில் உங்களைக் காப்பாற்றத்தான் இந்தப் பிரிவினையே இருக்கிறது.

எந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும்

பலரும் தடுமாறும் இடம் இது. லேப்டாப்பில் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் எல்லோரும் லேப்டாப்பைத்தான் நோண்டுகிறார்கள். விண்டோஸ் ஃபயர்வால், நாம் இங்கிருந்து கேட்டு வரவழைக்கும் எதையும் சாதாரணமாகத் தடுப்பதில்லை. கேட்காமல் வெளியிலிருந்து வந்து நிற்பதைத்தான் தடுக்கும். இணையப் பக்கம் நன்றாகத் திறக்கிறது, யூடியூப் ஓடுகிறது, இது மட்டும் ஏன் திறக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவை எல்லாம் உங்கள் கம்ப்யூட்டர் கேட்டு வரவழைப்பவை. ஃபைல் ஷேரிங்கில் மட்டும், ஃபோல்டரை வைத்திருக்கும் கம்ப்யூட்டரை நோக்கி இன்னொன்று வந்து கேட்கிறது. ஆகவே ஃபோல்டர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது டெஸ்க்டாப்.

அப்புறம், திரையில் வரும் செய்தியைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள். 80070035 என்று முடியும் பிழை எண் வந்தால், அல்லது நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று வந்தால், லேப்டாப்பால் டெஸ்க்டாப்பை எட்டவே முடியவில்லை. ஃபயர்வால், ரூட்டர், முகவரி, டெஸ்க்டாப் தூங்கிப்போவது ஆகியவற்றில் ஒன்று காரணம். பாஸ்வேர்டு கேட்டாலோ, பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு என்றாலோ, அனுமதி இல்லை என்றாலோ, நீங்கள் ஃபயர்வாலைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அதற்கு மேல் ஃபயர்வாலைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. உங்களுக்குப் பின் நம்பர் தவறு என்று வந்த நிமிடமே ஃபயர்வால் சமாச்சாரம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு செய்த மாற்றங்கள் எல்லாம் வேறொரு பிரச்சினைக்கானவை.

இதை இன்னும் துல்லியமாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. லேப்டாப்பில் கட்டளைகளை அடிக்கும் பவர்ஷெல் என்ற புரோகிராமைத் திறந்து, டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, டெஸ்க்டாப்பின் முகவரி எண்ணையும், போர்ட் என்று குறிப்பிட்டு 445 என்ற எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். கடைசி வரியில் ‘ட்ரூ’ என்று வந்தால் வழி திறந்திருக்கிறது. ‘ஃபால்ஸ்’ என்றால் அடைபட்டிருக்கிறது. போர்ட் என்பது கம்ப்யூட்டருக்குள் வரும் எண்ணிட்ட வாசல். இன்றைய விண்டோஸில் ஃபைல் ஷேரிங் நடப்பது இந்த 445 என்ற ஒரே போர்ட்டில்தான். 137, 138, 139 என்று சர்வீஸ்காரர் எழுதிக் கொடுத்த மற்ற எண்கள் பழைய நெட்பயாஸ் காலத்தவை. உங்கள் இரண்டு கம்ப்யூட்டருக்கும் அவை தேவையில்லை. பிங் செய்து (இருக்கிறாயா என்று இன்னொரு கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு) பார்த்துப் பதில் வரவில்லை என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கையும் தடுக்கக்கூடியது.

மாடியில் இருக்கும் பழைய ரூட்டர்

ஃபயர்வால் இல்லாதபோதும் டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப் திறக்கவில்லை என்றீர்கள். அதற்குக் காரணம் இந்த ரூட்டர்.

நீங்கள் அனுப்பிய படங்களில் டெஸ்க்டாப்பின் முகவரி 192.168.1 என்று தொடங்குகிறது. லேப்டாப்பின் முகவரி 192.168.0 என்று தொடங்குகிறது. மூன்றாவது எண் வேறாக இருப்பதைக் கவனியுங்கள். ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கீழிருந்து வரும் கேபிளைப் பழைய ரூட்டரின் ‘வான்’ (WAN) சாக்கெட்டில், அதாவது இணையம் உள்ளே வருவதற்கான சாக்கெட்டில், செருகியதால், அது கீழ் ரூட்டரையே இணையமாக நினைத்துக்கொண்டு தனக்குக் கீழே தனி நெட்வொர்க்கை நடத்துகிறது. பழைய அலுவலகங்களில் இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி: உள்ளே இருக்கும் எக்ஸ்டென்ஷனிலிருந்து வெளியே யாருக்கும் பேசலாம், வெளியிலிருந்து அந்த எக்ஸ்டென்ஷனுக்கு நேராக அழைக்க முடியாது. மாடி லேப்டாப் கீழே இருக்கும் டெஸ்க்டாப்பை எண் போட்டு எட்டுகிறது; டெஸ்க்டாப்பால் லேப்டாப்பை எட்ட முடியவில்லை. ‘நெட்வொர்க்’ ஐகானைத் திறந்தால் டெஸ்க்டாப்பின் பெயர் தெரிவதில்லை என்று எழுதியதற்கும் காரணம் இதுவே. தன் பெயரைச் சொல்லி அறிவிக்கும் செய்திகள் ஒரு நெட்வொர்க்குக்குள்ளேயே நின்றுவிடும், ரூட்டரைத் தாண்டாது.

பழைய ரூட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ (தனி நெட்வொர்க் நடத்தாமல் சிக்னலை மட்டும் தரும் முறை) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்த வசதி இல்லாத மாடல் என்றால், முதலில் அதன் சொந்த முகவரியைக் கீழ் ரூட்டரின் வரிசையில், வேறு எந்தக் கருவிக்கும் போகாத ஓர் எண்ணாக மாற்றுங்கள். அடுத்து அதில், கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி என்பதை அணையுங்கள். இரண்டும் முடிந்த பிறகு கேபிளை ‘வான்’ சாக்கெட்டிலிருந்து எடுத்து, வீட்டுக் கருவிகளுக்கான ‘லேன்’ (LAN) சாக்கெட் ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். டிஹெச்சிபியை அணைக்காமல் கேபிளை மாற்றினால் இரண்டு ரூட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுத்து வீடு முழுக்க இணையம் குழம்பும். சரியாக முடிந்தால் லேப்டாப்பின் முகவரியும் 192.168.1 என்றே தொடங்கும்.

லேப்டாப்பில் உள்ள எதையாவது டெஸ்க்டாப்பிலிருந்து திறக்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறதா என்று மட்டும் யோசியுங்கள். எல்லா ஃபைலும் கீழேதான் இருக்கின்றன என்றால் லேப்டாப்பில் எதையும் ஷேர் செய்ய வேண்டாம். கதவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

“ரூட்டர் இருக்கும்போது என்ன பயம்?”

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது பின் போர்ஷன் மாணவர்களைப் பற்றிய அந்த ஒரு வரி. அவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. நல்ல பிள்ளைகளாகவே இருக்கட்டும். ஆனால் அவர்களின் லேப்டாப்பும் ஃபோனும், அவர்களைப் பார்க்க வரும் நண்பர்களின் ஃபோனும் உங்கள் டெஸ்க்டாப் இருக்கும் அதே நெட்வொர்க்கில் இருக்கின்றன. ரூட்டர் தடுப்பது வெளி இணையத்திலிருந்து வருவதை. வீட்டுக்குள்ளேயே ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குப் போவதை அது பார்ப்பதே இல்லை. அங்கே காவல் இருப்பது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உள்ள ஃபயர்வால்தான்.

இன்றைய நிலையை அப்படியே சொல்கிறேன், பயமுறுத்துவதற்காக அல்ல. உங்கள் டெஸ்க்டாப்பில் ஃபயர்வால் இல்லை. பாஸ்வேர்டு கேட்பதில்லை. ஃபோல்டரில் எவரிஒன் என்ற பெயரில் எல்லோருக்கும் முழு அனுமதி. அதாவது உங்கள் வைஃபையில் இருக்கும் யாரும் எந்தத் தொழில்நுட்ப அறிவும் இல்லாமல் அந்தக் கடைக்காரர்களின் பாஸ்புக் நகலைத் திறக்கலாம், எக்செல்லில் ஓர் எண்ணை மாற்றலாம், முழு ஃபோல்டரையும் அழிக்கலாம். நெட்வொர்க் வழியாக அழிக்கப்படும் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. வேண்டுமென்று ஒருவர் செய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. அந்த மாணவர்களில் ஒருவர் திருட்டு சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி, அதோடு ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்துவிட்டால், அது எழுத அனுமதி உள்ள ஷேர் ஃபோல்டர்களையும் தேடிப் போகக்கூடும்.

எஸ்எம்பி 1.0 விஷயத்துக்கு வருகிறேன். 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவத் தொடங்கி, 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களை முடக்கியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வந்தது. யாரும் எந்த இணைப்பையும் கிளிக் செய்யத் தேவையில்லாமல், 445-ஆம் போர்ட் வழியாக, எஸ்எம்பி 1.0-இல் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானாகத் தாவியது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது, ஃபோல்டரை ஷேர் செய்து கொடுக்கும் பக்கத்துக்கான எஸ்எம்பி 1.0 இயல்பாகச் சேர்வதே இல்லை. அந்த ஓட்டை இன்று அடைக்கப்பட்டிருந்தாலும், அது மிகப் பழைய, பலவீனமான முறை. உங்கள் இரண்டு கம்ப்யூட்டருக்கும் அது எதற்கும் பயன்படாது. பழைய ஸ்கேனர் போன்ற சில கருவிகளுக்கு மட்டும் தேவைப்படும். உங்களிடம் அப்படி எதுவும் இல்லை.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2003-இல் பிளாஸ்டர் என்ற வைரஸ் இணையத்தில் இணைந்தாலே தொற்றிக்கொள்ளும் அளவுக்குப் பரவியது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் ஏற்கெனவே இருந்தது, ஆனால் ஆஃப் ஆகவே வந்தது. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-இல்தான் அதை இயல்பாகவே ஆன் செய்து கொடுத்தார்கள். நீங்கள் இப்போது அணைத்து வைத்திருப்பது அந்தப் பட்டறிவில் வந்த ஏற்பாடு.

இன்னொன்று. இப்போது பல ஃபைபர் இணைப்புகளில் ஐபிவி6 என்ற புது வகை முகவரியும் சேர்ந்தே வருகிறது. பழைய முறையில் வீட்டுக்கு வெளியே தெரிவது ரூட்டரின் முகவரி மட்டும்; உள்ளே எல்லோரும் அதன் பின்னால் மறைந்திருப்பார்கள். ஐபிவி6-இல் டெஸ்க்டாப்புக்கே உலகம் முழுதும் செல்லுபடியாகும் தனி முகவரி கிடைக்கலாம். அப்போது வெளியிலிருந்து வருவதைத் தடுக்க ரூட்டரில் உள்ள ஐபிவி6 ஃபயர்வாலும் உங்கள் விண்டோஸ் ஃபயர்வாலும்தான் உண்டு. ரூட்டரில் அது சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் இன்னொன்றையும் அணைப்பது சரியல்ல.

மற்றவர்களின் பான் கார்டும் பாஸ்புக்கும் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்த வீட்டு உபயோகத்துக்காக நாம் வைத்திருப்பதைத் தொடாது. தொழிலுக்காக மற்றவர் விவரங்களைக் கையாள்வது அந்த விலக்கில் அடங்காது. சட்ட நுணுக்கத்தை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம்பிக் கொடுத்தவர்களின் காகிதங்கள் அவை.

எதை எந்த வரிசையில் சரிசெய்வது

சர்வீஸ்காரரைத் திட்ட வேண்டாம். அரை மணி நேரத்தில் வேலை நடக்க வேண்டும் என்ற அவசரத்தில் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர் மாற்றியதை எல்லாம் பின்வாங்க வேண்டும்.

டெஸ்க்டாப்பில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஃபயர்வால் பகுதியில் ‘ரிஸ்டோர் ஃபயர்வால்ஸ் டு டிஃபால்ட்’ என்பதை அழுத்துங்கள். யார் என்ன விதி சேர்த்திருந்தாலும் போய்விடும். சில புரோகிராம்கள் மறுபடி அனுமதி கேட்கும், அவ்வளவுதான். ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ பட்டியலில் எஸ்எம்பி 1.0 டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். நெட்வொர்க் ‘பிரைவேட்’டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’ பக்கத்தில் பிரைவேட் என்ற தலைப்பின் கீழ் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். பப்ளிக் தலைப்பின் கீழ் இரண்டும் ஆஃப். ‘பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்’ ஆனில் இருக்க வேண்டும்.

பின் நம்பர் ஏன் தவறு என்றது? பின் நம்பர் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் உரியது. நெட்வொர்க் வழியாக அது செல்லாது. டெஸ்க்டாப்பில் உள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுப் பாஸ்வேர்டைத்தான் போட வேண்டும். அதைவிட நல்ல வழி, டெஸ்க்டாப்பில் ஷேரிங்குக்கென்றே ஒரு தனி யூசரை உருவாக்குவது. அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, ‘கணக்கு’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு பெயரும் நீளமான பாஸ்வேர்டும் கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் வேண்டாம். ஃபோல்டரின் ஷேரிங் அனுமதியில் எவரிஒன்னை நீக்கிவிட்டு இந்த யூசருக்குப் படிக்கவும் மாற்றவும் மட்டும் அனுமதி கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் ‘செக்யூரிட்டி’ டேபிலும் இதையே செய்ய வேண்டும். இரண்டு இடத்தில் எது கறாராக இருக்கிறதோ அதுதான் செல்லும். இங்கே செய்து அங்கே விட்டால் ‘அனுமதி இல்லை’ என்று வரும், நீங்கள் மறுபடி ஃபயர்வாலைச் சந்தேகிப்பீர்கள்.

லேப்டாப்பில், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, டெஸ்க்டாப் பெயரிலோ எண்ணிலோ பழைய பதிவு இருந்தால் நீக்குங்கள். அதை நீக்காமல் விட்டால் விண்டோஸ் உங்களைக் கேட்காமலே பழைய பாஸ்வேர்டைக் கொடுத்துத் தோற்றுக்கொண்டிருக்கும். பிறகு புது யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒருமுறை கொடுத்து நினைவில் வைக்கச் சொல்லிவிட்டால் தினமும் தொந்தரவு இருக்காது.

மாணவர்களுக்கு இனி அந்த வைஃபை வேண்டாம். உங்கள் புது ரூட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ வசதி இருந்தால் அவர்களுக்கு அதைத் தனிப் பெயரில், தனிப் பாஸ்வேர்டில் திறந்து கொடுங்கள். கெஸ்ட்டில் இருப்பவர்களுக்கு இணையம் கிடைக்கும், வீட்டுக் கம்ப்யூட்டர்கள் தெரியாது. முதன்மை வைஃபையின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். அவர்களிடம் காரணத்தைச் சொன்னால் வருத்தப்பட மாட்டார்கள். இணையம் இருக்கத்தானே போகிறது.

இன்னும் கறாராக வேண்டுமென்றால், ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு பகுதியில் ஃபைல் ஷேரிங்குக்கான எஸ்எம்பி விதியைத் திறந்து, அதன் ‘ஸ்கோப்’ டேபில் லேப்டாப்பின் முகவரிக்கு மட்டும் அனுமதி என்று குறுக்கலாம். அதற்கு ரூட்டரில் லேப்டாப்புக்கு எப்போதும் ஒரே முகவரி வரும்படி பதிவு செய்ய வேண்டும். மாணவர்களைக் கெஸ்ட்டுக்கு மாற்றிவிட்டால் உங்கள் வீட்டுக்கு இது அவசியம் என்று நான் சொல்ல மாட்டேன். ரூட்டரில் கெஸ்ட் வசதி இல்லையென்றால் கட்டாயம் செய்யுங்கள்.

யார் சொன்னாலும் ரூட்டரில் 445-ஐ வெளியே திறந்துவிடும் ‘போர்ட் ஃபார்வேர்டிங்’ செய்யாதீர்கள். டெஸ்க்டாப்பை ‘டிஎம்இசட்’டில் (ரூட்டரின் காவல் இல்லாமல் இணையத்துக்கு முழுதும் திறந்துவிடும் அமைப்பில்) போடவும் கூடாது. வெளியூரிலிருந்து ஃபைல் வேண்டுமென்றால் கிளவுட் டிரைவ் இருக்கிறது, பாதுகாப்பான தனி வழியாக இணைக்கும் விபிஎன் இருக்கிறது.

மகளின் ஆபீஸ் லேப்டாப்

அதை விட்டுவிடுங்கள். அந்த லேப்டாப்பின் ஃபயர்வால் அமைப்புகள் மங்கலாக, மாற்ற முடியாதபடி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கம்பெனியின் ஐடி பிரிவு அப்படிப் பூட்டி வைத்திருக்கிறது. எப்போதும் ஓடும் விபிஎன் வீட்டு நெட்வொர்க்கையே கண்ணுக்குத் தெரியாமல் செய்திருக்கவும் கூடும். சர்வீஸ்காரர் “நான் உடைத்துத் தருகிறேன்” என்று சொன்னாராம், தயவுசெய்து விடாதீர்கள். அது கம்பெனியின் சொத்து. பாதுகாப்பு ஏற்பாட்டை மாற்றியது தெரியவந்தால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் மகள்தான். அதை வீட்டு ஷேரில் சேர்ப்பது உங்களுக்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லதல்ல. கெஸ்ட் வைஃபையிலேயே அதையும் வைத்துக்கொள்ளலாம். ஆபீஸ் வேலைக்கு இணையம் மட்டும் போதும்.

ஷேரே வேண்டாம் என்று முடிவு செய்தால்

இவ்வளவும் படித்துவிட்டு, எதற்கு வம்பு என்று தோன்றினால் அதுவும் நியாயமான முடிவுதான். கிளவுட் டிரைவில் வைத்து இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒத்திசைத்துக்கொள்ளலாம். இரண்டு அடுக்கு உறுதிப்படுத்தலை ஆன் செய்திருக்க வேண்டும், கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பென்டிரைவில் எடுத்துப் போவதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். எது புதிய பிரதி, எது பழையது என்று ஒரு மாதத்தில் குழம்பிவிடும், தொலைந்தும் போகும். என் அபிப்பிராயம் கேட்டால், இரண்டே கம்ப்யூட்டர் உள்ள வீட்டில் ஒழுங்காகச் செய்த ஷேர் போதுமானது.

எந்த வழியில் போனாலும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி வாரம் ஒருமுறை அந்த ஃபோல்டரை நகலெடுத்து, எடுத்த கையோடு கழற்றி வையுங்கள். செருகியபடியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதால், டெஸ்க்டாப் இன்னும் அதில் ஓடுகிறதா என்பதையும் பார்த்து, முடிந்தால் 11-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற முடியாத பழைய கம்ப்யூட்டர் என்றால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்ய முடியுமா என்று பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் திறக்கவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். எழுதும்போது நான்கு விவரங்கள் வேண்டும்: இரண்டு கம்ப்யூட்டரின் முகவரி எண்கள், டெஸ்க்டாப்பில் பிரைவேட் என்றிருக்கிறதா பப்ளிக் என்றிருக்கிறதா என்பது, 445 சோதனையில் ட்ரூ வந்ததா ஃபால்ஸ் வந்ததா என்பது, திரையில் வந்த பிழைச் செய்தியின் படம். படம் எடுக்கும்போது கடைக்காரர்களின் பெயர் உள்ள ஃபைல் எதுவும் திரையில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.